ஆவுடைத்தாயின் வலது கிட்னி

ஆவுடைத்தாய்க்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்பது ஸ்ரீவைகுண்டத்தில் அவள் குடியிருக்கும் தெருவுக்கே தெரியும். மதுரையில் ஆபரேஷன் முடிந்து வந்தபோது ஆளாளுக்கு ஆப்பிளும் ரொட்டியுமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வந்த பெண்களில் சிலர் தங்கள் கர்ப்பப்பைக் கதையையும் சொல்லி மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள். அடிவயிற்றில் குறுக்காக ஒரு தழும்பு இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தத் தழும்பு வழியாக டாக்டர்கள் வெளியே எடுத்தது அவளுடைய இடது கிட்னியை. அது இப்போது அவள் தம்பி செல்வமணியின் வலது அடிவயிற்றில் இருந்துகொண்டு ஒழுங்காக வேலை பார்க்கிறது. இது தெரிந்தவர்கள் அக்காவும் தம்பியும், அக்கா புருஷன் இசக்கிமுருகனும்தான்.

பொய்யைக் கட்டியவள் ஆவுடைத்தாய்.

"கிட்னி கெட்ட பயலுக்கு எவம்லே பொண்ணு குடுப்பான்?" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே முடிவு செய்துவிட்டாள். தனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், தம்பி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று இரண்டு பொய்யையும் அவளே யோசித்து, புருஷனையும் தம்பியையும் ஒப்பிக்க வைத்துக் கேட்ட பிறகுதான் ஊருக்குப் பஸ் ஏறினாள். செல்வமணி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா போன பிறகு அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் அவன். அக்கா சொன்னால் தலையாட்டுவது பழக்கம். இந்த விஷயத்தில் தலையாட்டுவது ரொம்ப வசதியாகவும் இருந்தது. வசதியை எல்லாம் அக்கா மேல் உள்ள மரியாதை என்று அவன் தனக்குத்தானே பேர் வைத்துக்கொண்டான்.

பெண்ணும் கிடைத்தது. திருநெல்வேலி டவுணில் தெற்கு ரத வீதி ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் செல்வமணிக்கு, பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் நித்யாவைப் பேசி முடித்தார்கள். சி.டி. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். மனிதர்களைக் குறுக்கே சீவிச் சீவி உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கிற வேலை. ஊரில் எத்தனையோ பெண்கள் இருக்க, இந்த வேலை பார்க்கிறவள்தானா வந்து வாய்க்க வேண்டும் என்று ஆவுடைத்தாய் தம்பியிடம் முணுமுணுத்தாள். ஆனால் பெண் தங்கம். நிச்சயதார்த்தம் முடிந்தது, தையில் கல்யாணம் என்று நாளும் குறித்தாயிற்று. தினம் காலையும் ராத்திரியும் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று நித்யா ஒரு நாள் போனில் கேட்டதற்கு, பிரஷர் என்றான் செல்வமணி. கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமாக அவளிடம் எடுத்துச் சொல்கிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்கும் அவன் தலையாட்டினான்.

கிட்னி வாங்கியவனுக்கு நடந்த உபசாரம் கொடுத்தவளுக்கு நடக்கவில்லை. செல்வமணிக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், தனித் தட்டு, தூசி தும்பு படாத அறை. தவறாமல் மதுரைக்குப் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்து டாக்டரைப் பார்த்துவிட்டு வருவான். ஆவுடைத்தாயையும் வருஷத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லித்தான் இருந்தார்கள். முதல் வருஷம் போனாள். அதற்குப் பிறகு எதற்குப் பஸ்ஸுக்குத் தண்டம் அழவேண்டும் என்று விட்டுவிட்டாள். அவள் போவது வாழைத்தோட்டத்தில் இலை அறுக்கிற வேலைக்கு. அங்கே பெண்கள் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அதனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்வரை ஒருத்தியும் தண்ணீர் குடிக்கமாட்டாள். அதிலும் ஒற்றைக் கிட்னியை வைத்துக்கொண்டு இப்படித் தொண்டை வறளக் கிடக்கலாமா என்று கேட்கவேண்டிய ஆள் செல்வமணி ஒருத்தன்தான். நீ மதுரைக்குப் போனியாக்கா என்று அவன் கேட்டதே இல்லை. கேட்டால், போகவில்லை என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

ஐப்பசியில் அவளுக்கு வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, அப்படியே தொடை இடுக்கு வரை இறங்கியது. வாழைக்கு நடுவே வாழ்கிற ஊரில் கல்லடைப்புக்கு வைத்தியம் சொல்ல ஆள் தேடவேண்டியதில்லை. ஆவுடைத்தாய் வாழைத்தண்டை இடித்துச் சாறெடுத்துக் குடித்தாள். வலி அடங்கியது. கல் கரைந்துவிட்டது என்று சந்தோஷமாக மறுபடி இலை அறுக்கப் போனாள். வலி திரும்பி வந்தபோது மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாள், அதற்கும் கேட்காதபோது பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டாள். அந்த டாக்டர், இதற்கு முன்னால் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று முறையாகத்தான் கேட்டார். கர்ப்பப்பை என்று சொல்லிவிட்டாள். பொய் அவளுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. கல் மாதிரி இருக்கிறது, ஒரு சி.டி. எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

பிறகுதான் இசக்கிமுருகன் கடைக்குப் போன் போட்டான்.

"மாப்ளே, ஒங்க அக்கா சோறே திங்கல. குடிச்ச தண்ணியும் வாந்தியா வருது. காலு வேற வீங்கிக் கெடக்கு. நீ பைய லீவு சொல்லிட்டு வா."

செல்வமணி போனபோது அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. அவன் அவள் காலடியில் உட்கார்ந்து கணுக்காலில் பெருவிரலால் அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. இந்தப் பள்ளம் அவனுக்குத் தெரிந்த பள்ளம். அவனுடைய இரண்டு கிட்னியும் கைவிட்டபோது அவன் காலிலும் இப்படித்தான் விழுந்தது.

"நீர் போவுதாக்கா?"

"போவுது, போவுது."

"எப்பம் போச்சு?"

"நேத்து காலைல கொஞ்சம் போச்சு. அதுக்கு மேல தண்ணியே குடிக்கலல்லா, எப்படிப் போவும்?"

அந்த இடத்திலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருப்பது ஒரே கிட்னி, அதன் வாசலும் அடைத்துக்கொண்டது. செய்யவேண்டியதும் விளங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி, வாசலிலேயே இவளுக்கு ஒற்றைக் கிட்னி, நேற்றிலிருந்து நீர் போகவில்லை என்று சொன்னால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதைச் செய்யாமல் அவன் சாமி படத்துக்குப் பின்னாலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தான். முதலில் ஸ்கேன் எடுத்துவிடலாம், கல்தான் என்று உறுதியாகட்டும் என்றான். அவனுக்கு உறுதி வேண்டியிருக்கவில்லை. சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப்போட ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

இதற்குள் இசக்கிமுருகன் நல்ல மனசோடு ஒரு காரியம் செய்திருந்தான். நித்யாவின் அம்மா முத்துராணிக்குப் போன் போட்டு, சம்பந்தி வீட்டுப் பிள்ளை வேலை பார்க்கும் இடத்திலேயே எடுத்துவிடலாமே என்று சொல்லி ஏற்பாடும் செய்துவிட்டான். ஆவுடைத்தாய் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

வாடகைக் காரில் போகும்போது, கார் ஓட்டுகிறவன் காதில் விழாமல் தம்பியின் காதருகே வந்தாள். வாயில் ஒரு வாடை வந்தது. அதுவும் அவனுக்குத் தெரிந்த வாடை.

"வேற எடத்துக்குப் போயிருவோமாலே?"

"என்ன காரணம் சொல்லக்கா? அவிய காத்துக்கிட்டு இருக்காவல்லா."

"படத்துல தெரிஞ்சிரும்லா."

"அவ படம் எடுக்க மட்டுந்தான் செய்வா. பாத்து எழுதுதது வேற டாக்டரு."

இது அரைகுறை உண்மை. முழுசாகத் தெரிந்துகொண்டே சொன்னான். ஆவுடைத்தாய் சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்கேன் சென்டரில் நித்யா வாசலுக்கே வந்து ஆவுடைத்தாயின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நீல உடுப்பும் தூக்கிக் கட்டிய கொண்டையுமாக, கல்யாணப் புடவை எடுக்க வந்தபோது பார்த்த பெண்ணா இவள் என்று இருந்தது. வேலைக்கு உரிய கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். சர்க்கரை உண்டா, எந்தப் பக்கம் வலி, எத்தனை நாளாக.

"முன்னால ஏதும் ஆபரேஷன் பண்ணிருக்கா மைனி?"

"கர்ப்பப்பை எடுத்திருக்கு தாயி."

செல்வமணி பக்கத்திலேயே நின்றான். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவன் மாதிரி நின்றான். நித்யா குறித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் நேரமாவும் மைனி. ஆக்சிடென்ட் கேஸ் ஒண்ணு உள்ள இருக்கு. அதுக்கப்புறம் இத்தனை பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. நம்ம வீட்டு ஆளுன்னு முன்னால விட்டா என்னைய ஏசுவாங்க." பிறகு செல்வமணியை நிமிர்ந்து பார்த்தாள். "அவசரம்னா சொல்லுங்க. டாக்டர்ட்ட கேட்டு இப்பவே உள்ள விட்டுருதேன்."

ஒரு பெண் ஒருத்தனுக்கு இதைவிடத் தெளிவாக வழி திறந்துவிட முடியாது. ஆமா, அவசரம் என்று இரண்டு வார்த்தை. காரணத்தைக்கூடப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

"அவசரமெல்லாம் இல்ல," என்றான் செல்வமணி. "வரிசைப்படியே விடு."

சொன்ன உடனே அந்த வார்த்தையைப் பிடித்து இழுத்து மறுபடி வாய்க்குள் போட்டுக்கொள்ளவேண்டும் போல இருந்தது. நித்யா தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள். நியாயமான ஆள் என்று அவனைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்திருக்கும். அதை நினைக்கத்தான் அவனுக்குக் கூசியது.

ஹாலில் வரிசையாக நாற்காலிகள். ஆவுடைத்தாய் புருஷன் தோளில் சாய்ந்துகொண்டாள். இசக்கிமுருகனுக்கு உடம்பு சமாச்சாரம் ஒன்றும் ஓடாது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுப் பெண்டாட்டியின் கிட்னியைக் கொடுத்தவன், ஒன்று போனால் இன்னொன்று அது பாட்டுக்கு இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவன். அவன் டிவியில் ஓடிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் தெரிந்தவன் எதிர் நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

உள்ளே இருந்து ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், இன்னொருவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும், இப்போது எழுந்து சொல்லிவிடுவது என்று அவன் நினைப்பான். கதவு மூடிக்கொள்ளும். சொன்னால் நித்யா என்ன நினைப்பாள், முத்துராணி என்ன பேசுவாள், தெருவில் என்ன பேச்சு வரும், கடையில் முதலாளி என்ன கேட்பார் என்று வரிசையாக யோசித்தான். அக்காவின் கிட்னிக்குள்ளே நீர் தேங்கித் தேங்கி ஏறிக்கொண்டிருப்பதையும் யோசித்தான். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிற ஈனத்தனம் அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் எழுந்திருக்கவில்லை.

ஆவுடைத்தாய் கவரில் வாந்தி எடுத்தாள். வெறும் பித்தநீர். பக்கத்தில் தன் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த மேலப்பாளையத்துப் பெண் ஒருத்தி எழுந்து அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். தஸ்மியா என்று கூப்பிட்டு வாப்பா தன் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தார்.

"அடுத்து எங்க வாப்பாவத்தான் கூப்பிடுவாங்க," என்றாள் அவள் செல்வமணியிடம். "இவங்களுக்கு ரொம்ப முடியல போல. நீங்க முன்னால போங்க. நாங்க பொறவு போறோம். நான் உள்ள சொல்லுதேன்."

ஆவுடைத்தாய் வாயைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். சொல்லாதே என்கிற பார்வை அது என்று அவன் எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்வதுதான் அவனுக்குத் தோதாக இருந்தது.

"பரவால்லம்மா. பெரியவரு போயிட்டு வரட்டும். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

முன்பின் தெரியாத ஒரு பெண் கையில் எடுத்து நீட்டியதை, வேண்டாம் என்று மரியாதையாகத் தள்ளிவிட்டான். தஸ்மியா அவனைக் கொஞ்சம் வினோதமாகப் பார்த்தாள். பிறகு வாப்பாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெரியவர் வெளியே வரும்வரை செல்வமணி தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அக்கா பக்கம் கண்ணைத் திருப்பவில்லை.

கடைசியில் ஆவுடைத்தாயைக் கூப்பிட்டார்கள். அவளால் நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அதிக நேரம் ஆகவில்லை. கதவு திறந்து நித்யா வந்தாள். ஹாலில் எதுவும் பேசாமல், வா என்பது மாதிரி தலையை மட்டும் அசைத்து அவனைப் பக்கத்து நடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"மைனிக்குக் கர்ப்பப்பை இருக்கு," என்றாள்.

செல்வமணி தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்லா, இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. இடது கிட்னிதான் இல்ல. அது இருந்த எடத்துல ரத்தக்குழாய அடைக்கப் போட்ட கிளிப்பு சின்னச் சின்னதா கெடக்கு. கிட்னி குடுத்தவங்க வயித்துல இப்படி நாங்க பாத்திருக்கோம்." அவள் குரல் உயரவே இல்லை. "யாருக்குக் குடுத்தாங்க?"

அவனை அறியாமலே அவன் கை வலது அடிவயிற்றுக்குப் போனது. நித்யா அந்தக் கையைப் பார்த்தாள்.

"பிரஷர் மாத்திரை," என்றாள்.

"நித்யா, அக்காதான் கல்யாணம் முடியட்டும்னு..."

"அத விடுங்க. நீர் எப்பத்துல இருந்து போகல?"

"நேத்து காலைல இருந்து."

"அது தெரிஞ்சுமா வெளிய உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

அவள் முகம் ஒரு கணம் கோணியது. வேலைதான் அவளைத் தூக்கி நிறுத்தியது. திரும்பி ஓட்டமும் நடையுமாக உள்ளே போனாள்.

ரிப்போர்ட் எழுதும் டாக்டர் அவனைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். கருப்பும் சாம்பலுமாகக் குறுக்கே சீவிய ஒரு வயிறு. அவனுடைய அக்கா வயிறு. இடது பக்கத்தில் கிட்னி இருக்கவேண்டிய பள்ளத்தில் குடல் சரிந்து வந்து படுத்திருந்தது. வலது பக்கத்துக் கிட்னி தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி உப்பியிருந்தது. டாக்டர் அதிலிருந்து இறங்கும் குழாயின் மேல் விரலை வைத்துக் கீழே கீழே கொண்டுவந்து, மூத்திரப்பைக்குள் நுழைகிற இடத்தில் நிறுத்தினார். அங்கே பளீரென்று ஒரு வெள்ளைப் பொட்டு. கொண்டைக்கடலைகூட இல்லை, அதிலும் சின்னது.

"ரெண்டு கிட்னி இருக்கிறவங்களுக்கு இது வெறும் வலி. மருந்து குடுத்துக் காத்திருக்கலாம். இவங்களுக்கு இது உயிர் போற விஷயம்," என்றார் டாக்டர். "வலி மாத்திரை நிறையப் போட்டிருக்காங்களா? அதுவும் கிட்னிக்கு ஆகாது. ஒற்றைக் கிட்னின்னு வாசல்லயே ஏன் சொல்லல?"

வலி மாத்திரை ஆகாது என்று மதுரை டாக்டர் செல்வமணியிடம் படித்துப் படித்துச் சொன்னதுதான். அவன் கேட்டுத் தன் உடம்புக்கு மட்டும் வைத்துக்கொண்டான்.

நித்யா அதற்குள் சிறுநீரக ஆபரேஷன் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டாள், ஆம்புலன்சுக்கும் சொல்லிவிட்டாள். ஸ்ட்ரெச்சரில் ஆவுடைத்தாயை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது, அவள் ஒரு கையால் நித்யாவின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். "பேசாம படுங்க மைனி, எல்லாம் பொறவு பேசலாம்," என்று நித்யா அவள் நெற்றியைத் தடவினாள். ஆம்புலன்சில் கூடவே ஏறிக்கொண்டாள். செல்வமணியும் இசக்கிமுருகனும் ஆட்டோ பிடித்துப் பின்னால் போனார்கள்.

"நம்ம பிள்ளைக்கு எல்லாம் தெரிஞ்சிட்டா மாப்ளே?" என்று இசக்கிமுருகன் ஆட்டோவில் கேட்டான்.

"தெரிஞ்சிட்டு அத்தான்."

"நல்லதாப் போச்சு. இவ்வளவு நாளும் எனக்கு ஒறக்கமே சரியா இல்ல," என்றான் அவன்.

மூத்திரம் போகும் வழியாகவே கேமரா வைத்துப் பார்த்து, கல்லைத் தாண்டி ஒரு மெல்லிய குழாயைக் கிட்னி வரை செருகிவிட்டார்கள். அடைத்து நின்றதெல்லாம் இறங்கியது. கட்டிலுக்கு அடியில் தொங்கிய பையில் நீர் நிறைவதை செல்வமணி பார்த்துக்கொண்டு நின்றான். நர்ஸ் பையை மாற்றினாள், அதுவும் நிறைந்தது. அவன் கண்ணில் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. சந்தோஷம்தான், ஆனால் சந்தோஷப்பட தனக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது.

கல்லைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ரத்தத்தில் ஏறிக் கிடந்த விஷம் நாளுக்கு நாள் இறங்கியது. ஆனால் இறங்கி வந்து ஓர் இடத்தில் நின்றுகொண்டது. கிட்னி பிழைத்தது, பழைய தெம்பு முழுசாக வராது என்று ஆபரேஷன் டாக்டர் சொன்னார். இனிமேல் ஆயுசுக்கும் கண்காணிப்பில் இருக்கவேண்டும். எத்தனை நாள் முன்னால் வந்திருந்தால் முழுசும் தேறியிருக்கும் என்று இசக்கிமுருகன் வெள்ளந்தியாகக் கேட்டான். அதை அப்படிச் சொல்ல முடியாது, அடைப்பு நேற்று இன்று வந்தது இல்லை, ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்குத்தான் என்றார் அவர். செல்வமணிக்கு அந்த ஹாலும், கதவு திறந்து திறந்து மூடியதும், ஒண்ணும் அவசரமில்ல என்று தன் வாயால் இரண்டு பேரிடம் சொன்னதும் கண்முன்னால் வந்து நின்றன. அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாங்கிய கிட்னியைத் திருப்பிக் கொடுக்கிற வழி இருந்தால் அந்த நிமிஷமே கொடுத்திருப்பான். இருந்த ஒன்றைக் காப்பாற்றிக் கொடுக்கிற வழி இருந்தபோது நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவன் இப்படி நினைப்பது அவனுக்கே கேவலமாக இருந்தது.

வாரக் கடைசியில், வேலை முடிந்த சாயங்காலம், நித்யா வார்டுக்கு வந்தாள். தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். அவனிடம் பேசவில்லை. ஆவுடைத்தாய்க்குத் தலையணையை நிமிர்த்தி வைத்து, கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். ஆவுடைத்தாய் இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தாயி, எந் தம்பி மேல கோவப்படாத. சொல்லக்கூடாதுன்னு அவன் வாயக் கட்டுனது நாந்தான். அவன் வயித்துல இருக்கது நல்ல கிட்னி. மதுரை டாக்டரே சொல்லிருக்காவ. அவனுக்கு ஒரு கொறையும் வராது."

தோட்டத்தில் வாழைத்தாரைக் காட்டி வியாபாரியிடம் விலை பேசுகிறவள் மாதிரி தன் கிட்னியைப் பற்றி அவள் பேசியதைக் கேட்கமாட்டாமல் செல்வமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எனக்குக் கிட்னி ஒரு விஷயம் இல்ல மைனி," என்றாள் நித்யா. "முன்னாலயே எங்கிட்ட சொல்லிருந்தா எங்க அம்மாட்ட நானே பேசிச் சம்மதிக்க வச்சிருப்பேன். இந்த வேலை பாக்குத எனக்கு இதெல்லாம் பயமா?" அவள் மெதுவாகச் செல்வமணி பக்கம் திரும்பினாள். "அவசரமான்னு நான் உங்களைப் பாத்துத்தான் கேட்டேன். அந்த மேலப்பாளையத்துப் பொண்ணும் எங்கிட்ட உள்ள வந்து சொல்லிச்சு, முன்னால போங்கன்னு சொன்னேன், அந்த அண்ணன் வேண்டாம்னுட்டாருன்னு. நாளைக்கு எனக்கு இப்படி ஒண்ணு வந்து, அதை வெளிய சொன்னா உங்களுக்கு மானம் போகும்னா, அப்பவும் நீங்க இப்படித்தான் உக்காந்திருப்பீங்களா?"

ஆவுடைத்தாய் பதறிப்போய்த் தம்பியைப் பார்த்தாள். மாட்டேன்னு சொல்லுலே என்று அவள் கண் கெஞ்சியது. மாட்டேன் என்ற வார்த்தை அவன் நாக்கு நுனியிலும் தயாராகத்தான் இருந்தது. சொன்னால் நித்யா நம்பியும் இருப்பாள்.

"தெரியல நித்யா," என்றான். "அக்கா வாந்தி எடுக்கிறதப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன். எனக்கு உசிரு குடுத்தவளுக்கே அப்படி இருந்தவன், உனக்கு மாட்டேன்னு எந்த வாயால சொல்ல?"

நித்யா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தப் பதில் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து தூக்குவாளியை மூடினாள்.

"நான் வாரேன் மைனி. கஞ்சிய முழுசும் குடிங்க," என்றாள். போய்விட்டாள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

அவள் காலடிச் சத்தம் தேயும்வரை பொறுத்திருந்த ஆவுடைத்தாய் படுக்கையில் கையை ஊன்றி எழுந்தாள்.

"ஏலே கூறுகெட்ட பயலே. மாட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா என்னலே கொறஞ்சு போயிருவ? ஒரு வார்த்தைலே. அந்தப் போன எடு. பதட்டத்துல என்னமோ ஒளறிட்டான்னு நான் சொல்லுதேன். எனக்கு முடியலங்கதுல அவனுக்கு மண்டையே ஓடலன்னு சொல்லிருதேன். அவ நான் சொன்னா கேப்பா."

ஊசி குத்தி ஒட்டியிருந்த கையை நீட்டிப் போனைத் துழாவினாள். செல்வமணி போனை எடுத்து அவள் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தான்.

"போதும்க்கா. எனக்காவ நீ சொன்ன பொய்யெல்லாம் போதும்."

"ஒன் கல்யாணம்லே," என்றாள் அவள். பிறகு அழ ஆரம்பித்தாள். இடது கிட்னியை அறுத்துக் கொடுத்தபோது அழாதவள், வலது கிட்னி அடைத்து உயிர் போகிற வலி வந்தபோதும் அழாதவள், இதற்கு விம்மி விம்மி அழுதாள். இதைத் தாங்குவதுதான் செல்வமணிக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.